கட்டு அவிழாத நோய்

எலும்பு முறிந்தால் தமிழ்நாட்டிலிருந்து வண்டி பிடித்துக்கொண்டு ஆந்திரத்தின் இந்தப் புத்தூருக்குத்தான் ஓடி வருகிறார்கள். கட்டுப் போடுகிறார்கள், சில வாரங்களில் அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அப்படி அவிழ்க்கும் நாள் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு, குழம்பின் உப்புக்கும் அளவு. நோய் ஒருவர் உடம்பில்தான். ஆனால் கணவன், மனைவி இருவருடைய நாட்களையும் அது எடுத்துக்கொள்கிறது. அதனால் அதைச் சமாளிப்பதும் இருவர் வேலை என்கிறேன்.

நம் வீடுகளில் அது நடக்கத்தானே செய்கிறது என்பீர்கள். நடக்கிறது, கணவர் படுத்தால். மனைவி படுத்தால்? 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் 6,945 மட்டுமே பெண்களுக்கு. உயிரோடிருந்து உறுப்பு தருவோரிலோ பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்குச் சிறுநீரக நோய் வேகமாக முற்றுகிறது என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நோய் உலக அளவில் பெண்களிடம்தான் சற்று அதிகம். மாற்று சிகிச்சையில் ஐந்தில் நான்கு பங்கு ஆண்களுக்கே போவதற்கு, நோய் வேகமாக முற்றுவது மட்டும் காரணமாகாது. துணை நிற்பதிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புற்றுநோய் போன்ற கடும் நோய் கணவருக்கு வந்தபோது 2.9 சதவீதத் தம்பதியர் பிரிந்தார்கள். மனைவிக்கு வந்தபோது 20.8 சதவீதம். அது அந்த நாட்டுக் கதை, இங்கே யாரும் பிரிவதில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நோயாளி மனைவியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்கு எப்போது திரும்புவாள் என்று கேட்காமலே இருப்பதற்கு விவாகரத்துப் பத்திரம் தேவையில்லை.

கணவர் ஒருநாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாதே என்ற கேள்வி நியாயமானது. கூலிக்குப் போகிறவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கே உப்பைக் குறைக்கக் கூலி போகாது. மாத்திரை வேளையைத் தானும் தெரிந்துவைக்கக் கூலி போகாது. அரை நாளாவது அவர் மருத்துவர் எதிரில் உட்கார வேண்டும். அதற்கு மருத்துவமனைகளும் உதவ வேண்டும்: திருப்பதியிலோ வேலூரிலோ ஒரு பெண்ணின் சீட்டு எழுதப்படும்போது, “உங்கள் வீட்டுக்காரர் எங்கே, உள்ளே கூப்பிடுங்கள்” என்று மருத்துவர் கேட்பது வழக்கமாகட்டும்.