சாட்சிக் கூண்டுக்கு வெளியே

 



பெரும் பாவங்களைப் பற்றித் தோழர்களுக்கு எடுத்துரைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் சாய்ந்தவாறு அமர்ந்திருந்தார்கள். இணைவைப்பையும் பெற்றோரை நோவிப்பதையும் கூறிய பின், நிமிர்ந்து உட்கார்ந்து பொய்ச்சாட்சியத்தைக் குறிப்பிட்டார்கள். அவர்கள் நிறுத்திக்கொள்ளமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! பொய்ச்சாட்சி சொல்வதற்கென்றே வீட்டை விட்டுப் புறப்படுவோர் சிலரே. பலர் உண்மையைச் சொல்லவே புறப்படுகின்றனர். நீதிமன்றத்தில் காத்திருக்கும் வேளையில்தான் ஷைத்தான் அருகில் வந்து அமர்கிறான். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசலுக்கு எதிரிலேயே ஒரு விபத்தைக் கண்டேன். தெருக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மீது இருசக்கர வாகனம் மோதியது, அவர் உயிரிழந்தார். அவர் மாற்று மதச் சகோதரர். வாகனத்தை ஓட்டியவனோ நம் மஹல்லாவின் பிள்ளை; என்னிடம் குர்ஆன் ஓதக் கற்றவன்.

சம்மன் வந்தது. முதல் முறை சென்றேன். நீதிமன்ற அறை நிரம்பி வழிந்தது. கைக்குழந்தையுடன் ஒரு தாய், கட்டுக் கட்டாகக் காகிதங்களைச் சுமந்த குமாஸ்தாக்கள், சுவரில் சாய்ந்து நின்ற முதியவர்கள். டவாலி பெயர்களைக் கூவி அழைக்கும்போதெல்லாம் நெஞ்சு துணுக்குற்றது. மாலையில் வழக்கு வாய்தா போடப்பட்டது. அல்லாஹ் அறிவான், எனக்கு ஏற்பட்டது வருத்தமன்று, நிம்மதியே. இரண்டாம் முறையும் அவ்வாறே.

மூன்றாம் முறை, லுஹர் தொழுதுவிட்டு வராந்தாவில் அமர்ந்திருந்தேன். அந்த இளைஞனின் பாட்டனார் என்னருகே வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், பையனுக்கு நிக்காஹ் பேசி வைத்திருக்கிறோம். போனவர் திரும்பி வரப்போவதில்லை. சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது பொய்யும் ஆகாதே!" என்றார். அவர் கண்களில் நீர் தளும்பியது.

நான் பதில் கூறவில்லை. ஆனால் அந்த வார்த்தையை என் நாவு உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆயிரம் ஜும்ஆக்களில் உண்மையைப் பற்றிப் பேசிய நாவு அது! அப்போது வராந்தாவின் மறுகோடியில், இறந்தவரின் மனைவி தனியாகத் தரையில் அமர்ந்திருப்பதைக் கண்டேன். அவருக்காக என்னிடம் பேச எவருமில்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும், அல்லாஹ்வுக்காக நீதியுடன் சாட்சி கூறுமாறு அது பணிக்கிறது. செல்வந்தர், ஏழை என்று பாராதீர்கள் என எச்சரிக்கிறது. சாட்சியத்தைத் திரிப்பதையும் புறக்கணிப்பதையும் அவ்வசனம் சேர்த்தே கண்டிக்கிறது. "கவனிக்கவில்லை" என்று சொல்லி நழுவுவது அந்தப் புறக்கணிப்பு அல்லவா? அதே அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலானவை அருளப்பட்ட பின்னணியையும் விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். ஒரு குடும்பத்தார் தம்மவனின் திருட்டை மறைத்து, பழியை யூதர் ஒருவர் மீது சுமத்த முயன்றனர். அந்த யூதர் நிரபராதி என்பதை வஹீ நிலைநாட்டியது. நம்மவன், பிறன் என்ற பேதத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

என் பெயர் அழைக்கப்பட்டது. வாகனம் தவறான பக்கத்தில் வந்ததைக் கண்டேன் என்றேன். எவ்வளவு வேகம் என்று கேட்டார்கள். கணக்கிட்டுச் சொல்லத் தெரியாது என்றேன். தெரிந்ததைத் தெரியும் என்பதும், தெரியாததைத் தெரியாது என்பதும் சாட்சியத்தின் இரு பாதிகள். இன்றும் அவ்வீட்டாரில் சிலர் என் ஸலாமுக்குப் பதில் கூறுவதில்லை. அந்த வலி எனக்கு உண்டு. எனினும் இரவில் உறங்க முடிகிறது.

அன்பர்களே! இரக்கம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. மன்னிப்பது பாதிக்கப்பட்டோரின் உரிமை. சாட்சியின் உரிமை அன்று. அந்த இளைஞன் மீது இரக்கப்படுவோர், தம் பொருளைக் கொண்டு அந்த விதவைக்கு உதவலாம். அவனுக்காக துஆச் செய்யலாம். பிறருக்குரிய உண்மையை எடுத்துத் தர்மம் செய்ய நமக்கு அதிகாரமில்லை.

சாட்சிக்கும் உரிமைகள் உண்டு. எழுதுபவரும் சாட்சியும் துன்புறுத்தப்படலாகாது என்று அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நெடுந்தொலைவிலிருந்து வரும் சாட்சிகள் வாய்தாக்களால் அலைக்கழிக்கப்படுவதை நம் உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில் ஸ்வரண் சிங் வழக்கில் வேதனையுடன் சுட்டிக்காட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவின்படி, சாட்சிகள் வந்திருக்கும்போது அவர்களை விசாரிக்காமல் வழக்கை ஒத்திவைப்பதாயின், அதற்கான சிறப்புக் காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும். முந்தைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. கடுங்குற்ற வழக்குகளில் மிரட்டலுக்கு உள்ளாகும் சாட்சிகள், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு பரிசீலிக்கும்.

ஆகவே, ஜமாஅத்தார்களே! நம்மில் ஒருவர் சாட்சியாக அழைக்கப்பட்டால், அவரை வழிமறித்துப் பேரம் பேசாதீர்கள். அவருடன் துணைக்குச் செல்லுங்கள். அவர் இழக்கும் ஒருநாள் கூலியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் முன்னிலையில், "நமக்கேன் வம்பு" என்று கூறாதீர்கள். அவர்கள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்வார்கள்.

இதைவிட நெரிசலான ஒரு மன்றத்தில் நாமனைவரும் காத்திருக்கும் நாள் வரவிருக்கிறது. அங்கு வாய்தா இல்லை. வாய்களுக்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும். கால்கள் சாட்சி கூறும் என்று யாஸீன் அத்தியாயம் அறிவிக்கிறது. இங்கே நாம் மறைத்ததை அங்கே நம் உறுப்புகளே எடுத்துரைக்கும்.

யா அல்லாஹ்! அஞ்சும் வேளையிலும் உண்மையுரைக்கும் நாவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! காத்திருக்கும் பொழுதில் எங்கள் உள்ளங்களை உறுதிப்படுத்துவாயாக! நாதியற்றோருக்கு நீதி கிடைக்க எங்களையும் ஒரு காரணமாக ஆக்குவாயாக! ஆமீன்.