ஷேர்லி டெம்பிளின் இரண்டாம் வாழ்வு

குழந்தை நடிகர் ஒருவரைத் திரையிலே காணும்போது நாம் அடையும் மகிழ்ச்சி பெரிது. அக்குழந்தை வளர்ந்த பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்று வினவுவோரோ மிகச் சிலர். படம் முடிகின்றது, நாம் வீடு திரும்புகின்றோம், அக்குழந்தை நம் நினைவில் என்றும் ஆறு வயதுடனேயே நின்றுவிடுகின்றது. ஆனால், அதற்கு அதன் பின்னரும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழவேண்டியிருக்கின்றது. அந்த நீண்ட காலத்தை எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அவர்தாம் ஷேர்லி டெம்பிள்.

1928ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பிறந்தவர் இவர். மூன்று வயதிலேயே படப்பிடிப்பு அரங்கினுள் நுழைந்துவிட்டார். பொருளாதாரப் பெருமந்தத்தினால் மக்கள் வேலையிழந்து வாடிய காலம் அது. சுருண்ட கூந்தலும் கன்னக்குழியும் கொண்ட இச்சிறுமியின் ஆடலிலும் பாடலிலும் மக்கள் தம் துன்பத்தைச் சற்று மறந்தனர். 1935ஆம் ஆண்டில், ஆறு வயதில், குழந்தைகளுக்கென அளிக்கப்பெற்ற சிறப்பு ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஹொலிவூட்டில் அதிக வசூல் தரும் நட்சத்திரமாக அவரே விளங்கினார். அவர் புகழ் கடல்கடந்து நம் மொழிப் படவுலகினையும் எட்டியது. 1937ஆம் ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவை, இந்தியாவின் ஷேர்லி டெம்பிள் என்றே மக்கள் அழைத்தனர்.

ஆயினும், குழந்தைமையை மூலதனமாகக் கொண்ட தொழிலுக்குக் காலமே பகைவன். ஷேர்லியின் வயதில் ஓர் ஆண்டைக் குறைத்தே படநிறுவனத்தார் உலகுக்கு அறிவித்தனர். ஆனால், வளரும் உடலை அறிவிப்பினால் நிறுத்தமுடியுமா? பன்னிரண்டு வயதளவில் வரவேற்புக் குறைந்தது. கன்னிப் பருவத்திலும் சில படங்களில் நடித்தார். பழைய வெற்றி திரும்பவில்லை. 1950ஆம் ஆண்டில், 22 வயதில், படவுலகினின்றும் விலகினார்.

அக்காலத்திலேயே அவர் தம் வருமானக் கணக்கையும் பார்த்தார். 1988இல் தாம் வெளியிட்ட சுயசரிதையில் அதனை அவரே எழுதியிருக்கின்றார். குழந்தைப் பருவம் முதல் அவர் ஈட்டியது முப்பத்திரண்டு இலட்சம் டொலருக்கும் மேல். எஞ்சியிருந்ததோ ஏறத்தாழ 44,000 டொலர். இத்தகைய இழப்பு அவர் ஒருவருக்கே நேர்ந்ததன்று. 1921இல் சார்லி சப்ளினுடன் ‘த கிட்’ என்னும் படத்தில் நடித்துப் பெரும்புகழ் பெற்ற ஜக்கி கூகன் என்னும் சிறுவன், வளர்ந்த பின் தன் பணத்தைக் கேட்டுத் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் 1938இல் வழக்குத் தொடரவேண்டியதாயிற்று. அவ்வழக்கின் விளைவாக, குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வைப்பதற்கான சட்டம் 1939இல் கலிபோர்னியாவில் இயற்றப்பெற்றது. அச்சட்டத்திலும் ஓட்டைகள் பல இருந்தன. பிள்ளையின் உழைப்பால் வந்த பணம் பிள்ளைக்கே உரியது என்பதை 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தமே உறுதியாக்கியது. இத்துணை எளிய நீதி சட்டத்தில் ஏற அறுபது ஆண்டுகள் சென்றன என்பது சிந்தித்தற்குரியது.

பணம் போயிற்று, தொழில் போயிற்று, முதற் திருமணமும் முறிந்தது. இந்நிலையில் மனமுடைந்து போயிருந்தால் எவரும் வியந்திரார். ஷேர்லியோ, 1950 டிசம்பரில் சார்ல்ஸ் பிளக் என்பவரை மணந்து, மூன்று பிள்ளைகளின் தாயாக இல்லறத்தில் அமைந்தார். பின்னர்ப் பொதுவாழ்வில் நாட்டங் கொண்டார்.

பொதுவாழ்வில் முதலிற் கிடைத்தது தோல்வியே. 1967இல் கலிபோர்னியாவில் வெற்றிடமான காங்கிரஸ் ஆசனம் ஒன்றுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகும் பொருட்டுப் போட்டியிட்டார். அவர் வியட்நாம் போரை ஆதரித்தவர். அவரை வென்ற பீற்றர் மக்ளொஸ்கியோ, கொரியப் போரில் வீரராக நின்று, வியட்நாம் போரை எதிர்த்தவர். மக்கள் கொள்கையைச் சீர்தூக்கினர் என்றே கொள்ளவேண்டும். பழைய அன்பு வேறு, வாக்கு வேறு என்பதை ஷேர்லி அன்று கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது அவர் வாழ்வில் மறக்கவியலாதது. அவருடைய தமையனார் ஒருவர் நரம்புமண்டலத்தைத் தாக்கும் கொடிய நோய் ஒன்றினால் வருந்தினார். அந்நோயாளர்க்கு உதவும் சங்கங்களின் சார்பில், 1968 ஓகஸ்டில் செக்கோசிலவாக்கியாவின் தலைநகரான பிராக் சென்றார் ஷேர்லி. அந்நாட்டின் தலைவர் டுப்செக்கைக் காண்பதும் அவர் நோக்கம். அந்தச் சந்திப்பு நிகழவில்லை. ஓகஸ்ட் 20ஆந் திகதி இரவு சோவியத் கூட்டுப் படைகள் எல்லையைக் கடந்தன. விழித்தெழுந்த பிராக் நகரத்தார் தெருவிலே கண்டவை கவசவாகனங்கள். ஆயுதமற்ற பெண்ணொருத்தி சுடப்பட்டு வீழ்ந்ததைத் தாம் கண்டதாக ஷேர்லி பின்னாளில் கூறினார். வாகனத் தொடரொன்றில் இடம்பெற்று அந்நாட்டை விட்டு வெளியேறினார்.

1969இல் ஜனாதிபதி நிக்சன் அவரை ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் ஒருவராக நியமித்தார். 1972இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அந்நோயின் பெயரைச் சொல்லவும் பெண்கள் நாணிய காலம் அது. சோதனைக்காக மயக்கமுற்ற பெண், கண்விழிக்கும்போது மார்பகத்தை இழந்திருப்பது அந்நாளைய வழக்கமாயிருந்தது. சோதனை வேறாகவும் சிகிச்சை வேறாகவும் நடைபெறவேண்டும், முடிவைத் தாமே எடுக்கவேண்டும் என்று ஷேர்லி வற்புறுத்தினார். சத்திரசிகிச்சை முடிந்ததும் மருத்துவமனையிலிருந்தே அதனை உலகறியச் செய்து, அச்சத்தினால் வீட்டில் முடங்கியிராது மருத்துவரை நாடுங்கள் எனப் பெண்களை வேண்டினார். குழந்தையாக அவர் பெற்ற புகழ் இதனினும் நற்பயன் தந்த இடம் வேறில்லை என்பேன்.

1974இல் கானா நாட்டுக்கு அமெரிக்கத் தூதுவரானார். நடிகையைத் தூதுவராக்குவதா என்று ஐயுற்றோர் உளர், அவ்வையம் நியாயமானதே. அதற்கு அவர் தம் உழைப்பாலேயே விடையளித்தார். 1976இல் அமெரிக்க அரசின் மரபுமுறைத் தலைமை அதிகாரியானார். அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே. தகுதி உண்டோ என்று வினவப்பெற்ற அவர், புதிய தூதுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியிலும் பின்னர் ஈடுபட்டார்.

1989இல் ஜனாதிபதி புஷ், அவரைச் செக்கோசிலவாக்கியாவுக்கே தூதுவராக அனுப்பினார். கவசவாகனங்களைக் கண்ட நகருக்கு, இருபத்தோராண்டுகளின் பின் அதே ஓகஸ்ட் மாதத்திலே மீண்டும் வந்து சேர்ந்தார். மூன்று மாதங்கள் கழிந்தன. நவம்பர் 17ஆந் திகதி மாணவர் ஊர்வலம் தொடங்கியது. டிசம்பர் 29ஆந் திகதி, அவ்வாண்டின் தொடக்கத்திலே சிறையிலிருந்த எழுத்தாளர் ஹாவெல் அந்நாட்டின் ஜனாதிபதியானார். ஒரு நாட்டின் சுதந்திரம் நசுக்கப்பெற்றதையும், அது மீண்டும் எழுந்ததையும் ஒரே நகரிலே நின்று காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1992 வரை ஷேர்லி அங்கு பணியாற்றினார். 2014 பெப்ரவரி 10ஆந் திகதி, தமது 85ஆவது வயதில் மறைந்தார்.

நேயர்களே, குழந்தையாய்ப் பெற்ற புகழை அவர் வெறுக்கவுமில்லை, அதிலேயே உறைந்துவிடவுமில்லை. பலருக்கு மூடியிருக்கும் வாயில்கள் அப்புகழால் அவருக்குத் திறந்தன என்பதை மறுக்கமுடியாது. உள்ளே சென்றபின் கற்றதும் உழைத்ததும் அவருடையவை. படத்தில் நடித்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அதன்பின் வாழ்ந்தது அறுபத்துநான்கு ஆண்டுகள்.

எல்லாக் குழந்தை நடிகருக்கும் இத்தகைய மனவுறுதியும், துணையும், வாய்ப்பும் அமைவதில்லை. அமையாதோரின் வாழ்வைச் செய்தித்தாளில் நாம் வேடிக்கைக் கதையாகவே படிக்கின்றோம். அவர்களுடைய படிப்புக்கும், ஓய்வுக்கும், பணத்துக்கும் காவலாக நிற்பது பெற்றோர் கடன்; அரசின் கடன்; பார்த்து மகிழ்ந்த நம்முடைய கடனும் ஆகும். அடுத்த முறை திரையிலே ஒரு குழந்தையைக் கண்டு நாம் கைதட்டும்போது, அக்குழந்தையும் நாளை வளரும் என்பதையும் சற்று நினைத்துக்கொள்வோமாக.