கட்டையில் ஓடும் வரிகள்

பழைய வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1886 மாடல். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தயாரானது. வால்நட் கட்டையில், கை பிடிக்கும் கழுத்திலும் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையிலும் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய வரிகள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னச் சாய்சதுரங்கள். ஒவ்வொன்றின் முனையும் விரலைக் குத்துகிறது. வாங்க வந்தவர் பூரித்துப்போகிறார். எனக்கோ அந்தக் கூர்மையில்தான் சந்தேகம் தொடங்குகிறது.

செக்கரிங் என்பார்கள் இந்த வேலையை. வியர்த்த கையிலும் மழையிலும் துப்பாக்கி வழுக்காமலிருக்கப் பிறந்தது. அழகும் கூடவே வந்தது. இதற்கான கைக்கருவியில் இரண்டு வரிசைப் பற்கள் உண்டு. ஒரு வரிசை ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தில் ஓடும். மற்றது பக்கத்தில் அடுத்த வரியைக் கீறும். முதல் கோடு கோணினால் பின்னால் வருவதெல்லாம் கோணும். அங்குலத்துக்கு இருபது வரி என்ற கணக்கில், உருண்டு வளையும் கழுத்தின்மேல் அதைப் பிசகாமல் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியமல்ல. அந்தக் கைகளை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

சாதாரண ரைஃபிள்களுக்கு வின்செஸ்டர் இதைச் செய்து தரவில்லை. கூடுதல் பணம் கட்டிக் கேட்டவர்களுக்குத்தான் செய்தார்கள். பெரும்பாலும் நல்ல ரேகை ஓடும் மரமாகப் பார்த்து எடுத்தார்கள். செக்கரிங் உள்ளதற்கு இன்று விலை அதிகம். வெறுங்கட்டையில் பிற்பாடு வெட்டி விற்கும் ஆசை அதனால்தான் வருகிறது.

கைபட்டுப் புழங்கிய துப்பாக்கி ஒரே சீராகத் தேயாது. உள்ளங்கை அழுந்தும் இடத்தில் சாய்சதுரங்களின் தலை மழுங்கி, சில இடங்களில் வழவழவென்றே ஆகியிருக்கும். விரல் அதிகம் படாத ஓரங்களில் கூர்மை மிச்சமிருக்கும். பள்ளங்களுக்குள் எண்ணெயும் அழுக்கும் இறுகிக் கறுத்திருக்கும். இரும்பில் நீலப்பூச்சு போய், கட்டையின் அடிமுனை நசுங்கி, செக்கரிங் மட்டும் நேற்று வெட்டியதாகத் தெரிந்தால், இரண்டின் வயதும் ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, பழைய கீறல். லென்ஸை வைத்து அதன் போக்கிலேயே போங்கள். கீறல் வரிகளின்மேல் ஏறி, சாய்சதுரங்களின் தலையை நசுக்கிக்கொண்டு போனால், செக்கரிங் முந்தியது, காயம் பிந்தியது. கீறல் செக்கரிங்கைச் சுற்றியுள்ள ஓரக்கோடு வரை வந்து, அந்தப் பக்கம் புதுப் பள்ளங்கள் அதை அறுத்துக்கொண்டு ஓடினால், காயம்பட்ட கட்டையில் யாரோ பிறகு உளி வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வெட்டுவது ஒன்று. மழுங்கிய பழைய வரிகளை மறுபடி கூர்மையாக்குவது வேறொன்று. தேய்ந்த அம்மியைக் கொத்திக்கொள்வதைப் போல, புழங்குகிறவருக்கு அது நியாயமான வேலைதான். ஆனால் காலத்தை அறிய வந்தவருக்கு அதோடு தடயம் போய்விடுகிறது. மறுவெட்டில் ஓரக்கோடு சில சமயம் இரட்டையாகத் தெரியும். பள்ளத்தின் அடியில் வெளிறிய மரம் எட்டிப்பார்க்கும். மரமும் இரும்பும் சேரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். தொழிற்சாலைக் கட்டை இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்பது வழக்கம். தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

இயந்திரத்தால் அழுத்திப் பதித்த செக்கரிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், அது பிற்காலத்தது. வின்செஸ்டர் தன் 70-ஆம் மாடலில் அதற்கு மாறியதே 1964-இல்தான்.

தொழிற்சாலை வேலை குற்றமற்றதாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஓரக்கோட்டைத் தாண்டி ஓடிய வரி நியூ ஹேவன் வேலையிலும் உண்டு. அப்பழுக்கில்லாத, மிக நெருக்கமான வரிகள் பிற்காலத்துத் தனிக் கைவினைஞரின் வேலையாகவும் இருக்கலாம்; அது அசலைவிட நேர்த்தியாகவே அமைந்திருக்கலாம். அப்படியானால் அவர் வேலை என்றே சொல்லி மதிக்க வேண்டும். அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

கண்ணும் விரலும் சொன்னதைக் கடைசியில் ஏட்டோடு ஒத்துப் பார்க்கலாம். வயோமிங் மாநிலம் கோடி நகரத்து ஆயுத அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. 1886 மாடலில் 1,56,599 வரையிலான வரிசை எண்களுக்கு அங்கே விவரம் கேட்கலாம். செக்கரிங் கேட்டு வாங்கியிருந்தால் அதில் எழுதியிருக்கும். உயர்ரகத் துப்பாக்கிகளில், கட்டைக்குள் மறையும் இரும்பு நாக்கிலும், அது உட்காரும் மரப்பள்ளத்திலும், அடித்தகட்டின் உட்புறத்திலும் ஒரே கோர்ப்பு எண்ணைப் பொறித்திருப்பார்கள். மரத்தில் உள்ள எண் மட்டும் மாறினால், கட்டை வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது.

வீட்டில் அப்படியொரு பழைய ரைஃபிள் உரிமத்தோடு இருந்து, வரிகள் மழுங்கியிருந்தால், தயவுசெய்து அவற்றைக் கூர்மையாக்கக் கொடுக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும்.