வயிற்றுப் பிள்ளைக்கும் கட்டி வருமா?

(உன்னிச்சையில் தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



தோட்டத்து லயத்திலும் சரி, இங்கே உன்னிச்சையிலும் சரி, எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வயித்துப் பிள்ளைக்கு எப்படிங்க கட்டி வரும்?"

வரும். அபூர்வமாக வரும். அவற்றில் முக்கியமானது வால் எலும்போடு ஒட்டி வளரும் கட்டி. சுமார் 35,000 முதல் 40,000 பிறப்புக்கு ஒன்று. பெண் பிள்ளைகளுக்கே அதிகம். கிரகணம் பார்த்ததாலோ, கொழுந்துக் கூடை சுமந்ததாலோ, சூனியத்தாலோ வருவதல்ல. கரு உருவாகும் தொடக்க நாட்களில் அந்த இடத்தில் தங்கிவிட்ட உயிரணுக்கள் ஒழுங்கில்லாமல் பெருகுவதால் வருகிறது. மருமகளை ஏசுவதற்கு இதில் ஒன்றுமில்லை. (மாமியார்மார் கொஞ்சம் காதில் போட்டுக்குங்க.)

ஐந்தாம் மாத ஸ்கானில் இதைக் காணலாம். ஸ்கான் வெறும் சத்த அலைதான், கதிர் அல்ல. இரும்பில் வெடிப்புத் தேடும் கருவியை வைத்தே கிளாஸ்கோ வைத்தியர் இயன் டொனால்ட் இதைத் தொடங்கினார். 1958இல் கட்டுரையும் வெளியிட்டார். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, அந்த ஸ்கானைத் தவறவிடாதீங்க.

கட்டி இருந்தால் திரும்பத் திரும்ப ஸ்கான் பார்ப்பார்கள். ஏன்? பெரிய கட்டி பிள்ளையின் இரத்தத்தை இழுத்துக்கொள்ளும். சின்ன இருதயம் களைத்துப்போய் உடம்பில் நீர் கோர்க்கும். பன்னீர்க்குடம் பெருத்து, காலத்துக்கு முன்பே வலி வரலாம். தாய்க்கு வயிறு திடீரென்று பெருத்தாலோ, முகம் கை வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக ஒரு வாகனத்தை முன்கூட்டியே பேசி வையுங்க.

பெரிய கட்டியென்றால் சிசேரியன்தான். பிரசவத்தில் கட்டி உடைந்தால் இரத்தம் நிற்காது. பிறந்த சில நாட்களில் வால் எலும்போடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். எலும்பை விட்டால் திரும்ப வளரும். பச்சைப் பிள்ளையில் பெரும்பாலும் அது புற்றுநோயல்ல. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் புற்றாக மாறலாம். பிறகு சில வருடம் இரத்தப் பரிசோதனைக்கு வரவேணும். கொழும்பு லேடி ரிட்ஜ்வே போன்ற அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசில்லை. போக்குவரத்துச் செலவுதான் நம்முடையது. வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குச் செய்யும் ஒப்பரேஷனை 1990களில் சான் பிரான்சிஸ்கோ வைத்தியர்கள் செய்தார்கள். அது வெகு சிலருக்கே பொருந்தும்.

கலைப்பதற்கு யாராவது களவாக மருந்து தந்தால் வாங்காதீங்க. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே இங்கே அதற்கு இடமுண்டு. களவு மருந்தில் தாயும் போய்விடுவாள்.

ஸ்கான் துண்டைக் கிளினிக் அட்டைக்குள் வையுங்க. எங்கே பிரசவம், எந்தத் திகதி, பிள்ளையை எங்கே அனுப்புவீர்கள் என்று வைத்தியரிடம் கேளுங்க. அப்பாமாரும் கூடப் போங்க. உள்ளே விடாவிட்டால் வாசலில் நில்லுங்க.