பெருங்கடல் வீதியும் புதிய நட்பும்



அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடலோரமாக ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீளும் பெருங்கடல் வீதி, முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களால் 1919 முதல் 1932 வரை அமைக்கப்பட்டது. போரில் மாண்ட தோழர்களுக்கான நினைவுச் சின்னமே அது.

முதுகுப்பையுடன் வரும் இளையோர் பலர், விடுதியில் அறிமுகமானவர்களுடன் வாடகை வாகனச் செலவைப் பகிர்ந்து அவ்வழியே செல்கின்றனர். முன்பின் அறியாதவருடன் பிள்ளை பயணம் செய்வதா எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே.

1878ஆம் ஆண்டு அக்கரையோரம் லொக் ஆர்ட் என்னும் கப்பல் உடைந்தபோது 54 பேரில் இருவரே பிழைத்தனர். கரைசேர்ந்த ரொம் பியர்ஸ் என்ற இளைஞர், ஏவா கார்மைக்கேல் என்ற பெண்ணின் கூக்குரல் கேட்டு, மீண்டும் கடலில் இறங்கி அவரை மீட்டார். அவர் உறவினர் அல்லர். ஒரே கப்பலில் வந்தவர், அவ்வளவே.

நட்பை அளப்பது பழகிய காலம் அன்று, பொறுப்புணர்வே. அதனை அறிய ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் எவரிடம் உண்டு? காப்புறுதி அனைவருக்கும் பொருந்துமா? மது அருந்தியவர் வாகனம் ஓட்ட மறுப்பாரா? கங்காருகள் வீதியைக் கடக்கும் அந்திப்பொழுதில் பயணத்தை நிறுத்துவார்களா? இளையோர் புறப்படுமுன் இவற்றைக் கேட்டறியட்டும். பெற்றோர் தடை விதிக்குமுன் அவ்விடைகளைச் செவிமடுக்கட்டும்.