கடலுக்கும் பொறியாளர் வேண்டும்



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, உங்கள் வரிசையில் எலக்ட்ரானிக்ஸ் படித்த மாணவி ஒருவர் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஓடிய நேரத்தில் இவருக்கு மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளின் மேல் பைத்தியம். "இன்ஜினியரிங் படிச்சவளுக்குக் கடல்ல என்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்.

அந்த வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. அலைக்கு அரணாக நின்ற பாறை போன பின் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. அலையின் வேகத்தைத் தணிக்க, துளைகள் வைத்த கான்கிரீட் கட்டமைப்புகளை அதன் முன்னே இறக்கினார்கள். அந்த முயற்சியில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. வீட்டாரின் கேள்விக்கு இதுவே பதில்.

ஆனால் இறக்கியதையெல்லாம் கடல் ஏற்றுக்கொண்டுவிடாது. 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகப் போட்டார்கள். மீனுக்கு வீடு, ஊருக்குக் குப்பை மிச்சம் என்று கணக்கு. கட்டுகள் விட்டுப்போய், புயலில் உருண்ட டயர்கள் உயிரோடிருந்த பவளப்பாறைகளையே நொறுக்கின. பிற்பாடு அவற்றை அள்ள ராணுவத்தின் முக்குளிப்போர் வர வேண்டியதாயிற்று. கணக்கில் தேறியவர்கள் செய்த காரியம் அது!

பவளத்துக்கு வெப்பமும் பகை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, பவள உயிரி தனக்கு உணவூட்டும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடா அதைப் பார்த்தது. அந்த வெப்பத்தை அளக்கத்தான் நம் மாணவி ஒரு கருவி செய்தார். பூங்காவுக்கு வெளியே சோதனைக்கு இறக்கிய கருவியை, ஒட்டி வளரும் கொட்டலசு மூடிவிட்டது. அது ஒட்டாதிருக்கச் செம்புத் தகடு சுற்றி மறுபடி இறக்கப் போனபோது, சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர் தடுத்திருக்கிறார்: "எம்மா, இங்கன போட்டா நீவாடு இழுத்துட்டுப் போயிரும்." நீவாடு என்றால் நீரோட்டம். இவர் எதிர்வாதம் செய்யவில்லை, அவர் காட்டிய இடத்திலேயே இறக்கினார். செம்புத் தகடு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்தப் பெரியவரிடம் காது கொடுத்ததற்காகவே இவரைப் பொறியாளர் என்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், இரண்டு வருஷத்துக்காவது சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.