நாகசுரத்தை மேடையேற்றியவர்



திருக்கழுக்குன்றத்துத் தேர்த் திருவிழாவில் நாகசுரம் கேளாத செவி நம் பக்கத்தில் இராது. நம் முன்னோரும் நாகசுரம் கேட்டவர்களே. ஆனால் மதிலுக்கு வெளியே நின்று கேட்டனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கோயில்கள் பலவற்றில் நமக்கு இடமில்லை.

உள்ளே வாசித்தவர்களும் முழு மதிப்புப் பெற்றாரில்லை. வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடையும் இருக்கையும் உண்டு. நாகசுரக்காரரோ மேலாடையின்றி, நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். இவ்வழக்கத்தை முறித்தவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956). குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார். அக்காலத்துத் திமிரி நாகசுரம் குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தைச் செய்வித்தார். இன்று எங்கும் ஒலிப்பது அதுவே. அவருடைய தோடி இசைத்தட்டில் ஊரெங்கும் பரவிற்று. 1947 ஆகஸ்டில், விடுதலையையொட்டித் தில்லியிலும் வாசித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் இசை வேளாளர். நாம் பட்ட தீண்டாமை அவர் பட்டதன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பொய். அவர் மேடையேறிய நாளில், பறையிசைத்த நம் பாட்டன்மார் சாவு வீட்டு வாசலில்தான் நின்றனர். ஆயினும், கருவியையும் திருத்தி, கலைஞனின் இருக்கையையும் கேட்டுப் பெற்ற அவர் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அங்கே சாதி கேட்டு எவரையும் விலக்க இயலாது. விருப்பமுள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.